பிலோமினா அக்கா ஏறினால் பாட்டு நிற்கும்

இப்போது பஸ் முதலாளிமார் என்னைத் தேடித் தில்லையடிக்கு வருகிறார்கள். பூட்டுவதற்கு அல்ல, கழற்றுவதற்கு. வீதியில் பொலிஸ் மறித்து, தேவையில்லாத விளக்குகளையும் ஹோர்ன்களையும் பெரிய பாட்டு செட்டுகளையும் கழற்றச் சொல்கிறதாம். "நஸீர் நானா, நீங்க பூட்டினது. வயர் எங்கால போகுது எண்டு உங்களுக்குத்தானே தெரியும்" என்று, அண்ணனை அழைப்பது போல நானா போட்டு, வாசலில் நிற்கிறார்கள். ஒரு காலத்தில் "இன்னும் கொஞ்சம் இடிக்கணும், இன்னும் கொஞ்சம் இடிக்கணும்" என்று என் உயிரை எடுத்த அதே வாய்கள்தான். இப்போது பஸ்ஸில் அமைதி வேண்டும் என்று எனக்கே உபதேசம் செய்கின்றன.

தொழில் இப்படிப் போகிறதே, கவலையில்லையா என்று ஒருவர் கேட்டார். கற்பிட்டியில் ஏறிச் சிலாபத்தில் இறங்கும்போது சனங்களின் நெஞ்செலும்பு இன்னும் ஆடிக்கொண்டிருந்த காலம் முடிகிறது என்றால், அதில் நான் கவலைப்பட என்ன இருக்கிறது? அந்த எலும்புகளை ஆட்டியவர்களில் நானும் ஒருவன் என்பது வேறு விஷயம்.

நான் வேலை பார்த்த கடையை இப்போது நடத்துகிறவர்கள் வேறொன்று கேட்டார்கள். இரண்டு சனல் அம்ப்ளிஃபயரைப் பிரிட்ஜ் செய்து சப்வூஃபர் பூட்டுவதைப் பற்றிக் கைப்பேசியில் பேசித் தரச் சொன்னார்கள். சுருக்கமாக இருக்க வேண்டுமாம், நீளமாக இருந்தால் யாரும் பார்க்க மாட்டார்களாம். சுருக்கமாகச் சொல்லக்கூடியதை யாரிடமும் கேட்டுக்கொள்ளலாம். சுருக்கமாகச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

நான் மன்னார்க்காரன். தொண்ணூறில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, எல்லாரையும் போல நாங்களும் புத்தளத்துக்கு வந்தோம். முகாமில் றேடியோக்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். திறந்ததில் பாதி மறுபடி பாடியதால் எனக்கு 'இன்ஜினியர்' என்று பெயர் வந்தது. அந்தப் பெயரை நம்பித்தான் பாலாவிச் சந்தியில் வாகனங்களுக்கு செட் பூட்டும் செபஸ்டியன் பாஸ் என்னை வேலைக்கு எடுத்தார். எடுத்த அன்றே அந்தப் பெயரைப் பறித்தும் விட்டார். "இன்ஜினியர்மாருக்கு இங்க வேலை இல்லை. வயர் சீவத் தெரியுமா?" என்றார். வயர் சீவுவதிலேயே முதல் வருஷம் போயிற்று.

பாஸ் சிலாபத்துக்காரர். தமிழும் சிங்களமும் அவர் வாயில் ஒரே மொழி போல ஓடும். மாவட்டத்தின் பாதிச் சத்தத்தை உண்டாக்கிய அந்த மனிதர் எந்நேரமும் காதில் பஞ்சு வைத்திருப்பார். வீட்டில் றேடியோ கூடக் கிடையாது. கடைக்கு வருகிறவர் எவ்வளவு பெரிய ஆளானாலும் பாஸ் அவருடைய முகத்தைப் பார்க்க மாட்டார். அவர் கொண்டுவந்த ஸ்பீக்கரைத்தான் பார்ப்பார். அதன் மேல் கையை வைத்துக்கொண்டு முதலில் கேட்பது ஒரே கேள்வி.

"எத்தனை ஓம்?"

"ஓம் பாஸ், ஓம்."

"ஓமா எண்டு கேக்கல்ல. எத்தனை ஓம்?"

"எல்லாம் ஓம்தான் பாஸ். நீங்க பூட்டுங்க."

இந்த உரையாடலை நான் என் காலத்தில் எத்தனை தடவை கேட்டேன் என்று சொல்ல முடியாது. மின்சாரத்துக்கு ஸ்பீக்கர் காட்டும் எதிர்ப்புக்கு ஓம் என்று ஏன் பெயர் வைத்தார்களோ தெரியாது. ஆனால் எங்கள் முதலாளிமார் எதற்கும் ஆமாம் போட்டு ஓம் சொல்லிவிடுவார்கள் என்பது தெரிந்துதான் வைத்திருப்பார்கள் போல.

அந்தக் கேள்விக்குப் பிறகு பாஸ் மீட்டரை எடுப்பார். ஸ்பீக்கரின் மேல் அச்சடித்திருப்பதை நம்ப மாட்டார். இடிக்கிற பெரிய ஸ்பீக்கரான சப்வூஃபரில் பெரும்பாலும் இரண்டு கம்பிச்சுருள், அதாவது கொயில், இருக்கும். ஒவ்வொன்றும் இரண்டு ஓம் என்று வையுங்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கமாகச் சேர்த்தால் ஒரு ஓமாகக் குறைந்துவிடும். ஒன்றின் வாலில் மற்றதன் தலையைக் கட்டினால் நான்காகும். பிரிட்ஜ் செய்த அம்ப்ளிஃபயர் நான்குக்குக் கீழே தாங்காது. பிரிட்ஜ் என்றால் வேறொன்றுமில்லை. அம்ப்ளிஃபயரின் இரண்டு வாயும் இரண்டு ஸ்பீக்கருக்குத் தனித்தனியே பாடுவதற்குப் பதிலாக, ஒரே ஸ்பீக்கரைப் பிடித்துக்கொள்வது. இடது வாயின் பிளஸ்ஸிலிருந்து ஒரு வயர், வலது வாயின் மைனஸ்ஸிலிருந்து ஒரு வயர். ஒன்று தள்ளும்போது மற்றது இழுக்கும். அதனால்தான் அந்த இடி.

பிறகு எர்த் வயர். பஸ்ஸின் இரும்பில் பெயின்ற் போகச் சுரண்டி, இரும்பு பளபளத்தால்தான் ஆணியை இறுக்க விடுவார். பெட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ். பஸ்ஸில் இரண்டு பெட்டரி சேர்த்து இருபத்துநாலு வோல்ற். அம்ப்ளிஃபயருக்குப் பன்னிரண்டு போதும். இடையில் அதைக் குறைக்கும் பெட்டி ஒன்று பூட்ட வேண்டும். வேறு கடைக்காரர் சிலர் அந்தப் பெட்டியை விட்டுவிட்டு, ஒரு பெட்டரியிலிருந்து மட்டும் நேரே வயர் இழுத்துக் கொடுப்பார்கள். செட் நன்றாகத்தான் பாடும். கொஞ்ச நாளில் அந்த ஒரு பெட்டரி மட்டும் சோர்ந்துபோகும். எலுவன்குளம் பஸ் ஒன்று அப்படித்தான் காட்டோரத்தில் நின்றது. பயணிகள் எல்லாரும் இறங்கித் தள்ளினார்கள். டிரைவர் தள்ளுகிறவர்களுக்கு உற்சாகமாக இருக்கட்டும் என்று பாட்டைப் போட்டுவிட்டாராம். அந்தப் பெட்டரியில் மிச்சமிருந்த உயிரும் அதோடு போயிற்று.

கடைசியில்தான் பாஸ் சத்தத்தைத் திறப்பார். அதுவும் கொஞ்சம். முதலாளி "இன்னும், இன்னும்" என்று கையைக் காட்டுவார். பாஸ் காதைத் தொட்டுக் காட்டுவார், பஞ்சு இருக்கிறது, கேட்கவில்லை என்று.

எங்களிடம் வந்தவர்களில் ரொனால்ட் முதலாளிதான் பெரிய ரசிகர். இறால் பண்ணை வைத்திருந்தார். கூடவே கற்பிட்டி சிலாபம் வீதியில் ஒரு பஸ். இறால்களுக்குப் பாட்டு தேவைப்படாததால் அவருடைய ஆசை முழுவதும் பஸ்ஸின் மேல் இறங்கியது. அதில் ஏற்கெனவே ஒரு செட் இருந்தது. ஆனால் அதே வீதியில் ஓடும் இன்னொரு பஸ்ஸின் இடி தன் பஸ்ஸுக்குள் கேட்கிறது என்று ஒரு நாள் கண் கலங்காத குறையாக வந்து நின்றார். பெரிய சப்வூஃபர் ஒன்றையும் கொண்டுவந்திருந்தார். பிரிட்ஜ் பண்ண வேண்டும் என்றார்.

பாஸ் எல்லாம் பார்த்துவிட்டு, சிங்களத்தில் சரி சொல்லி, "ஹரி. பின்னுக்குப் போற வயரை முழுக்க மாத்த வேணும்" என்றார்.

"அது ஏலாது பாஸ். போன கிழமைதான் தரைக்குச் சிவப்பு விரிப்பு ஒட்டினது. அதைக் கிழிச்சா வடிவு போயிடும். பழைய வயரும் நல்ல தடிப்பான வயர்தானே, அதுலயே குடுங்க."

"பழைய வயர் கீழ எப்படிக் கிடக்கு எண்டு எனக்குத் தெரியாது முதலாளி."

"எனக்குத் தெரியும். நல்லாக் கிடக்கு."

பாஸ் மீட்டரை வைத்துப் பார்த்தார். அன்றைக்கு வயரில் ஒரு பிழையும் காட்டவில்லை. "உங்கட பஸ், உங்கட விரிப்பு" என்று சொல்லிப் பூட்டிக் கொடுத்தார். பஸ் சந்தியைத் தாண்டிப் போகும்போது எங்கள் கடை அலுமாரிக் கண்ணாடி கிலுகிலுத்தது. ரொனால்ட் முதலாளி மிதிபலகையில் நின்று கையசைத்தார்.

இனி பிலோமினா அக்காவைச் சொல்ல வேண்டும். நுரைச்சோலைக்கு அப்பால் கடலோரத்தில் வீடு. கருவாடு காயப்போட்டு, கூடையில் அடுக்கிச் சிலாபம் சந்தைக்குக் கொண்டுபோவார். கணவர் கடலுக்குப் போய்த் திரும்பி வராதவர். நல்ல உடம்புக்காரி. கருவாட்டுக் கூடையோடு ஏறுவதால் கொண்டக்டர் அவரை எப்போதும் பின் கதவோரம் மூலைச் சீற்றில்தான் இருத்துவான். அந்த சீற்றில் அவரைத் தவிர யாரும் இருப்பதில்லை. மணம் ஊறிவிட்டது என்று பெரியவர்கள் ஒதுங்கிப் போவார்கள். எப்போதாவது பள்ளிக்கூடப் பிள்ளைகள் தொற்றிக்கொள்வதோடு சரி.

புது இடி தொடங்கி அக்கா முதல் தடவை அந்த சீற்றில் இருந்தார். பாட்டு நின்றது. டிரைவர் செட்டை அமத்தித் திறந்து பார்த்தார், வரவில்லை. சிலாபத்தில் அக்கா இறங்கினார். டிரைவர் மறுபடி திறந்தார், பாடியது. அடுத்த நாளும் அப்படி. அதற்கடுத்த நாளும் அப்படி.

ஒரு செட் நின்றால் அதைப் பூட்டியவனிடம் கொண்டுவருவதுதான் வழக்கம் என்று நினைப்பீர்கள். ரொனால்ட் முதலாளி எங்களிடம் வரவில்லை. கொண்டக்டர் சொன்னதை யோசித்தார். கொண்டக்டர் சொன்னது இது: "முதலாளி, அந்தப் பொம்பிள ஏறினா நிக்குது, இறங்கினாப் பாடுது. புருசனையே கடலுக்குக் குடுத்த ஆள். இதுக்கு மேல என்ன விசாரணை?"

அன்றிலிருந்து பஸ் அக்காவின் சந்தியில் நிற்காமல் போனது. அவர் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு கையைக் காட்டுவார். கொண்டக்டர் மற்றப் பக்கம் கடலைப் பார்த்துக்கொண்டு போவான். பின்னால் வரும் பஸ்கள் நின்றன, சில நாட்களுக்கு. பிறகு அந்த பஸ்காரர்களுக்கும் கதை போய்ச் சேர்ந்தது. எல்லாரிடமும் ஒரு செட் இருந்தது. எல்லாருக்கும் அது பெற்ற பிள்ளையைவிடப் பெரிது. அக்கா சந்தைக்குப் போய்ச் சேரும்போது வாங்குகிறவர்கள் போய்விட்டிருப்பார்கள். கருவாட்டைத் திருப்பிக் கொண்டுவருவார். கதை பஸ்ஸோடு நிற்கவும் இல்லை. அவருடைய தம்பி மகளுக்குக் கல்யாணம். பாண்ட் இசை பிடித்திருந்தார்கள். "மாமி, கோயிலுக்கு வாங்க. பிறகு சாப்பாட்டை வீட்டுக்கே அனுப்பி விடுறோம்" என்று சொல்லியிருக்கிறார்கள். சொன்னது அவர் தூக்கி வளர்த்த பிள்ளையாம்.

இதெல்லாம் எங்களுக்கு அவர் வாயாலேயே தெரிந்தது. ஒரு காலை, வெங்காய லொறி ஒன்று கடை வாசலில் நின்றது. முன்னாலிருந்து ஒரு பெண் கூடையோடு இறங்கினார். உள்ளே வரவில்லை. வாசலில் நின்றபடி கேட்டார்:

"ரொனால்டுட பஸ்ஸுக்குப் பாட்டுப் பெட்டி பூட்டினது நீங்களா?"

"ஓம் அக்கா. ஏன்?" என்றேன்.

"என்னையும் சேத்தா பூட்டினீங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. விஷயத்தைச் சொன்னார். அழவில்லை. பாஸ் ஒரு காதிலிருந்து பஞ்சை எடுத்தார். அவர் பஞ்சை எடுத்துக் கேட்டதை நான் அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கண்டேன்.

"உள்ளுக்கு வந்து இரு மகள்" என்று ஒரு கதிரையை இழுத்துப் போட்டார்.

"வேணாம் பாஸ். நான் இருந்தா உங்கட பெட்டியெல்லாம் செத்துப்போகும். பிறகு அதுக்கும் நான்தான்."

பாஸ் கடையிலிருந்த செட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். ஒன்றில் சிங்களப் பாட்டு, ஒன்றில் வேதப் பாட்டு, ஒன்றில் செய்தி, ஒன்றில் வெறும் இரைச்சல். சந்தியில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பாஸ் கதிரையைக் காட்டினார். பிலோமினா அக்கா கொஞ்ச நேரம் அந்தக் கதிரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மெல்ல வந்து, பாதி உடம்பை மட்டும் வைத்து இருந்தார். ஒன்றும் நிற்கவில்லை. முழுதாக இருந்தார். எல்லாம் பாடிக்கொண்டேயிருந்தது. அப்போதுதான் அவர் சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுதார். அந்தச் சத்தத்தில் அழுகை கேட்கவில்லை. நல்ல காலம், நானும் மூக்கைச் சீறிக்கொண்டேன்.

பாஸ் எல்லாவற்றையும் அமத்தினார். "மகள், அந்த பஸ்ஸில நீ எங்க இருக்கிற?"

"பின் கதவு மூலையில."

"கூடையை எங்க வைக்கிற?"

"காலடியில."

பாஸ் என்னைப் பார்த்தார். எனக்கும் அப்போது பிடிபட்டது. "விரிப்பு" என்றேன். "வடிவான விரிப்பு" என்றார் பாஸ்.

ரொனால்ட் முதலாளியைக் கூப்பிட்டு அனுப்பினோம். அம்ப்ளிஃபயரை ஒரு தடவை சரிபார்க்க வேண்டும், இல்லாவிட்டால் எரியலாம் என்று சொன்னோம். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் பறந்து வந்தார். பஸ்ஸைப் பயணிகளோடேயே கடை வாசலில் நிறுத்தினார்.

பாஸ் அம்ப்ளிஃபயரிலிருந்து சப்வூஃபர் வயர் இரண்டையும் கழற்றினார். மீட்டரை ஒலி எழுப்பும் நிலைக்குத் திருப்பி, ஒரு முனையை வயரில் வைத்தார். மற்ற முனையை நான் பஸ்ஸின் இரும்பில் பிடித்துக்கொண்டேன். வயர் எங்காவது இரும்பைத் தொட்டால் மீட்டர் கூவும். கூவவில்லை.

"பாத்தீங்களா, வயர்ல ஒண்டுமில்ல" என்றார் ரொனால்ட் முதலாளி.

"ஓம். ஒண்டுமில்ல. முதலாளி, அந்தப் பின் மூலையில கொஞ்சம் இருங்களேன்."

"அதுலயா? அதுல கருவாட்டு மணம்."

"கொஞ்ச நேரம்தானே."

ரொனால்ட் முதலாளி மூக்கைப் பிடித்துக்கொண்டு போய் இருந்தார். இறால் பண்ணைக்காரர் என்பது அவருடைய வயிற்றிலும் தெரியும். சீற் கீழே அமுங்கியது. மீட்டர் கூவியது.

"எழும்புங்க." நின்றது.

"இருங்க." கூவியது.

பயணிகள் தலையைத் திருப்பினார்கள். பாஸ் முதலாளியை எழும்பச் சொல்லி, வயரை மறுபடி பூட்டி, பாட்டைப் போடச் சொன்னார். பஸ் முழுக்கப் பாட்டு இடித்தது. ரொனால்ட் முதலாளி மறுபடி இருந்தார். அம்ப்ளிஃபயரில் சிவப்பு விளக்கு எரிந்தது. பாட்டு நின்றது.

"முதலாளிக்கு எப்ப இருந்து இந்த ராசி?" என்று பாஸ் கேட்டார். அமைதியான பஸ்ஸில் எல்லாருக்கும் கேட்டது. யாரோ சிரித்தார்கள். கொண்டக்டர் வழக்கம் போல வெளியே பார்த்தான், ஆனால் அங்கே கடல் இல்லை.

நான் மூலையில் விரிப்பைக் கிழித்தேன். சீற்றின் கால் ஒன்று ஆணி தளர்ந்து ஆடிக்கொண்டிருந்தது. அதன் அடியில் பழைய வயர். தோல் கிழிந்து செம்பு தெரிந்தது. பாரம் ஏறினால் கால் இறங்கி வயரை இரும்போடு அழுத்தும். அது பல வருஷக் கிழிசல். முன்பு அது மைனஸ் வயர், இரும்பைத் தொட்டாலும் ஒரு கேடும் இல்லை. அதனால் யாருக்கும் தெரியவில்லை. பிரிட்ஜ் செய்த பிறகு இரண்டு வயரிலும் உயிர் ஓடுகிறது. எது இரும்பைத் தொட்டாலும் அம்ப்ளிஃபயர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வாயை மூடிக்கொள்ளும்.

இதையெல்லாம் பாஸ் ரொனால்ட் முதலாளிக்கு விரல் வைத்துக் காட்டினார். அவர் செம்பைத் தொட்டுப் பார்த்தார். வயரைப் பார்த்தார். கடை வாசலில் கூடையோடு நின்ற பிலோமினா அக்காவைப் பார்த்தார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நீங்க சொல்லுறது சரி பாஸ். வயர்தான். ஆனா பாருங்க, அந்த வயரும் அவ இருக்கிற இடத்துலதானே கிழிஞ்சிருக்கு."

நாற்பது வருஷம் பிடித்த மீட்டரின் வயர்களைச் சுற்றினார் பாஸ். மீட்டரைப் பையில் வைத்தார்.

"ஹரி, முதலாளி. நான் புது வயர் பூட்டித் தாறன். ஆனா இந்த மகளை ஏத்தாத பஸ்ஸுக்கு நான் வயர் பூட்ட மாட்டன். என்ட கடையும் பூட்டாது."

அம்ப்ளிஃபயர் ஊமையாகக் கிடந்தது. அந்தப் போட்டி பஸ்ஸின் இடி தூரத்தில் கேட்டது. ரொனால்ட் முதலாளி தலையாட்டினார். அன்றே விரிப்பு முழுவதையும் உரித்து, புது வயரை ரப்பர்க் குழாய்க்குள் விட்டு, கூரையோரமாகப் பின்னுக்குக் கொண்டுபோனோம். சீற்றின் காலையும் இறுக்கினேன். நான் அதன் மேல் ஏறிக் குதித்தும் பார்த்தேன். பாட்டு அசையவில்லை. பிலோமினா அக்கா அதே பஸ்ஸில், அதே மூலையில் ஏறிப் போனார். வெற்றி என்று நினைத்துக்கொண்டு நான் தேத்தண்ணி குடிக்கப் போனேன்.

சில மாதங்களுக்குப் பிறகு எனக்குச் சிலாபம் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டியிருந்தது, காதைக் காட்டுவதற்கு. உறவினர் ஒருவரைப் பார்க்கக் கற்பிட்டிக்குப் போயிருந்ததால் அங்கிருந்தே ஏறினேன். ரொனால்ட் முதலாளியின் பஸ்தான். சனம் நிறைந்திருந்தது. இடி என் பல்லுக்குள் கேட்டது. கைக்குழந்தையோடு முன் சீற்றில் இருந்த ஒரு தாய் பிள்ளையின் காதைப் பொத்திக்கொண்டிருந்தார். எனக்குப் பக்கத்தில் நின்ற ஒரு ரீச்சர் கண்ணாடி வழியே எட்டி எட்டிப் பார்த்தார்.

"யாரைப் பாக்கிறீங்க ரீச்சர்?"

"சந்தியில கருவாட்டு அக்கா நிக்கிறாவா எண்டு."

சந்தி வந்தது. அக்கா நின்றார். பஸ் நின்றது. அக்கா மிதிபலகையில் கால் வைப்பதற்கு முன்பே டிரைவர் கையை நீட்டி செட்டை அமத்தினார். கொண்டக்டர் இறங்கி அவருடைய கூடையை வாங்கினான். வாங்கினான் என்றால், இரண்டு கையாலும் வாங்கினான். பஸ்ஸுக்குள் ஒரு பெருமூச்சு. தாய் பிள்ளையின் காதிலிருந்து கையை எடுத்தார். யாரோ எழும்பி அக்காவுக்கு முன்பக்கத்தில் இடம் கொடுத்தார்கள்.

விஷயத்தை ரீச்சர் சொன்னார். ரொனால்ட் முதலாளி எங்களுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றி அக்காவை ஏற்றச் சொல்லிவிட்டாராம். ஆனால் அக்கா பஸ்ஸில் இருக்கும்வரை செட்டைத் திறக்கக் கூடாது என்று ஒரு கட்டளையும் போட்டாராம், எதற்கும் பாதுகாப்புக்கு. மற்ற பஸ்களும் அதைப் பார்த்து அப்படியே செய்கின்றனவாம். இப்போது தலையிடிக்காரரும் கைக்குழந்தைக்காரரும் பரீட்சைக்குப் போகிற பிள்ளைகளும் முதலில் விசாரிப்பது, கருவாட்டு அக்கா எந்த பஸ்ஸில் போகிறார் என்று.

கூட்டம் குறைந்ததும் நான் அக்காவுக்குப் பக்கத்தில் போய் இருந்தேன். என்னை அடையாளம் கண்டு சிரித்தார். எனக்கு மனம் கேட்கவில்லை. நானே பூட்டி, நானே ஏறிக் குதித்துப் பார்த்த வயர்.

"அக்கா, அந்த வயர் இப்ப நல்லாத்தானே இருக்கு. நீங்க இருந்தாலும் ஒண்டும் நிக்காது. அவனுகளுக்குச் சொல்லலாமே?"

"சொன்னன் தம்பி. அண்டைக்கு, என்னில பிழை இல்லை எண்டு எல்லாரிட்டையும் சொன்னன். கோயில்ல சொன்னன், சந்தையில சொன்னன், என்ட தம்பி வீட்டுலயும் சொன்னன். ஒருத்தரும் நம்பல்ல." கூடையைக் காலால் சற்றுத் தள்ளி வைத்தார். "இப்ப நான் ஏன் திரும்பச் சொல்ல வேணும்?"

ஜன்னலில் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பஸ் முந்தல் தாண்டுவதற்குள் குறட்டை கேட்டது. அவ்வளவு சனத்துக்குள்ளும் அது தெளிவாகக் கேட்டது.